மாநாட்டுப் பொறுப்புகள்: யாருக்கு எது?

ஓர் அனைத்துலகச் சங்கம் மாநாடு நடத்துவதென்பது, இரு வீட்டார் சேர்ந்து ஒரு திருமணத்தை நடத்துவதைப் போன்றது. சங்கம் ஒரு வீடு. மாநாட்டை ஏற்று நடத்தும் நாட்டின் ஏற்பாட்டுக் குழு மற்றொரு வீடு. சங்கத்தின் தலைவர் ஒரு நாட்டில் இருப்பார், செயலாளர் வேறொரு நாட்டில் இருப்பார். மண்டபமும் பணமும் ஆள்பலமும் உள்ளூர்க்காரர்களிடம் இருக்கும். எந்த முடிவு எந்த வீட்டாருடையது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளவில்லையென்றால், பந்தி போடும் நேரத்தில் சண்டை வரும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கூடிய அறிஞர்கள் தொடங்கிய இம்மன்றம், தன் முதல் மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்தியது. தனிநாயக அடிகள் அப்போது மன்றத்தின் பொதுச் செயலாளர்களில் ஒருவர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவரும் அவரே. ஆகவே இரு வீட்டுச் செய்தியும் ஒருவர் வழியாகவே போய்வர முடிந்தது. ஆனால் ஒவ்வொரு மாநாட்டிற்கும் ஒரு தனிநாயக அடிகள் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

2010இல் நடந்ததைப் பார்க்கலாம். தமிழக அரசு ஒன்பதாவது மாநாட்டை நடத்த விரும்பியது. மன்றத்தின் தலைவராக இருந்தவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. அரசு முதலில் கேட்டது 2010 ஜனவரி, பின்னர் ஜூன். கட்டுரைகளை வரவழைத்து, படித்து, தேர்ந்தெடுக்க அந்தக் காலம் போதாது, 2010 டிசம்பரோ 2011 ஜனவரியோ ஆகலாம் என்பது அவர் நிலை. 2011இல் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்ததால் அரசு தள்ளிவைக்க இணங்கவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். முடிவில், கோவையில் 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அது மன்றத்தின் மாநாடு அல்ல. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது மாநாட்டிற்கு அடுத்த ஒன்பதாவது, 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. இருபது ஆண்டு இடைவெளி! தேதியை முடிவு செய்வது யார் என்ற ஒரு கேள்வி எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆய்வுக் கட்டுரை, அமர்வு, பேச்சாளர் பட்டியல் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. இதில் உள்ளூர்ப் பிரமுகரோ நன்கொடையாளரோ கைவைக்கக்கூடாது. மண்டபம், தங்கும் விடுதி, போக்குவரத்து, சாப்பாடு, நன்கொடை திரட்டுவது எல்லாம் உள்ளூர்க் குழுவின் பொறுப்பு. வெளிநாட்டிலிருக்கும் தலைவர் இதில் தலையிட்டு, எந்த விடுதி மலிவு என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. (மாநாட்டுப் பையின் நிறத்தைப் பற்றி மட்டும் எல்லாக் குழுவினருக்கும் கருத்து இருக்கும். அதைத் தடுக்க வழியில்லை.)

உண்மையான தொல்லை இவ்விரண்டுக்கும் நடுவில் விழும் வேலைகளில்தான். விசா அவற்றில் ஒன்று. கட்டுரையை ஏற்பது சங்கத்தின் குழு. ஆனால் நாட்டின் கதவைத் திறப்பது ஏற்று நடத்தும் நாட்டின் அரசாங்கம். 1995இல் தஞ்சை மாநாட்டிற்கு வந்த இலங்கை அறிஞர்கள் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, கலந்துகொள்ள முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். அழைத்தவர் ஒருவர், அனுமதிக்க வேண்டியவர் இன்னொருவர் என்றால், அவமானப்படுவது விருந்தாளி. ஆகவே இதற்கென்றே இரு தரப்புக்கும் பொதுவாக ஒருவரை நியமிக்க வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் போக வேண்டும். யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும்.

பணமும் அப்படித்தான். பதிவுக் கட்டணம் யார் கணக்கில் சேரும்? மிச்சப்பட்டால் யாருக்கு? குறைந்தால் யார் கொடுப்பது? மிச்சத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலர். குறைவைப் பற்றி வாய் திறப்பவர் அரிது. அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, காசோலையில் இரு தரப்பின் கையொப்பமும் வைத்தால் பின்னால் முணுமுணுப்பு எழாது.

கடைசியாக ஆய்வுக்கோவை. 1966 மாநாட்டின் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அதனால்தான் அங்கு பேசப்பட்டதை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால் மாநாடு முடிந்த மறுநாளே உள்ளூர்க் குழு களைத்துக் கலைந்துவிடும். சங்கத்தார் விமானம் ஏறிவிடுவார்கள். கட்டுரைகள் யாரோ ஒருவருடைய கணினியில் தூங்கும். தொகுப்பாசிரியர் யார், அச்சுச் செலவுக்கு எத்தனை வெள்ளி, எந்த மாதத்திற்குள் நூல் வரவேண்டும் என்பதை மண்டப வாடகையை எழுதும்போதே, வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு அடுத்த வரியாக எழுதிவிட வேண்டும்.