காவல் தளரும்போது



எமது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி இரவு பகலாகக் காவல் நிற்கிறது. எச்.பி.வி. வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்குள் உடல் தானே அதை விரட்டிவிடும். விரட்டப்படாமல் தங்கிவிடும் வைரஸே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வழி வைக்கிறது. அது புற்றுநோயாக வழக்கமாக 15 முதல் 20 வருடங்கள் செல்லும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 வருடங்களே போதும்.

யாருக்குக் குன்றுகிறது? மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, நீண்டகாலம் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு. அதற்காக மருந்தை நிறுத்துவது ஆபத்து. வைத்தியரைக் கேட்டு, பரிசோதனையை முன்னதாகவே செய்துகொள்வதுதான் வழி.

2017 முதல் எமது நாட்டில் தரம் 6 மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. எம்மில் பெரும்பாலானோர் படித்த காலத்தில் அது இல்லை. எமக்கு இருப்பது வெல் வுமன் கிளினிக்: 35, 45 வயதுகளில் இலவசப் பரிசோதனை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்கும் நாம், எம்மைப் பற்றிக் கேட்பதில்லை. “ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் போகவேண்டும்?” என்கிறோம். வெட்கமும் தடுக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் இந்நோய் வலிப்பதில்லை. அறிகுறி தெரியுமுன் கண்டுபிடித்தால் புற்றுநோயாகாமலே தடுக்கலாம்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளும் அங்கு வரும் அழைப்புக் கடிதத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். நூற்றாண்டு விழாவுக்கு ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு வந்தோம். கிளினிக்குக்கும் அப்படியே போவோம்.