கடல் எதையும் மறைக்காது



கடல் பெரிது, எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும் என்று முதலாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடா அதைப் பொய்யாக்கிவிட்டது.

1932 முதல் 1968 வரை சிஸ்ஸோ கம்பெனி அங்கே பாதரசக் கழிவைக் கொட்டியது. விஷம் நண்டிலும் மீனிலும் சேர்ந்து, மீனவர் சோற்றுக்கே வந்தது. கைகால் நடுங்கின, பேச்சு குழறியது, கருவிலிருந்த சிசுவும் தப்பவில்லை. 1956-ல் நோய் அம்பலமாயிற்று.

1959-ல் கம்பெனி டாக்டர் ஹோசோகாவா, ஆலைக்கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மையைக் கண்டார். விஞ்ஞானம் கண்டதை லாபவெறி மூடி மறைத்தது.

1968-ல் ஆலைத் தொழிற்சங்கம் ஒன்று, நோயுற்றோருக்காக இதுவரை போராடாதது வெட்கம் என்று பகிரங்கமாகத் தீர்மானித்தது. 1973-ல் நோயுற்றோர் வழக்கில் வென்றனர்.

எந்தக் கரையில் ஆலை நின்றாலும், அதன் குழாய் வழியே கடலுக்குப் போவது என்ன? தொழிலாளியும் மீனவரும் கைகோத்து நின்று கேட்போம்!