கோழி அடைக்கு உட்கார்ந்தால்

முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கோழி, ஒருநாள் கூடையை விட்டு எழுந்திருக்க மறுக்கும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கையைக் கொத்தும். வேறொன்றுமில்லை, அடைக்கு வந்துவிட்டது.

குஞ்சு வேண்டுமென்றால், இட்டு ஒரு வாரம் தாண்டாத முட்டையாகப் பார்த்து 10, 12 எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் வைக்கோல் பரப்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். இருட்டியபின் கோழியை உட்கார வைத்தால் முரண்டு பிடிக்காது. 7-ஆம் நாள் இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் எடுத்துவிடலாம்.

கோழி தினமும் ஒருமுறை இரைக்கு இறங்கும். பக்கத்திலேயே தானியமும் தண்ணீரும் இருக்கட்டும். 18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். உள்தோலில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பொரித்த குஞ்சுக்கு ஒரு நாள் வரை வயிற்றிலிருக்கும் மஞ்சள் கருவே சாப்பாடு.

குஞ்சு வேண்டாமா? அடை தெளியட்டும் என்று கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு குத்துவதும் பாவம். காற்றோட்டமான கம்பிக்கூண்டில், வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் விடுங்கள். அடை தெளிந்துவிடும்.

ஒருத்தர் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குறைபட்டுக்கொண்டாராம்: "12 முட்டை வெச்சேன் பாட்டி, நாலுதான் பொரிச்சுது. கோழி சரியா உட்காரலை."

பாட்டி சொன்னாராம்: "அது எங்கேப்பா உட்காரும்? மணிக்கொரு தரம் நீதான் எழுப்பி எழுப்பிப் பார்த்துக்கிட்டிருந்தியே!"