மிதி மெத்தெனப் பணியும்போது

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலை அடுத்த நிலம் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை எனப்படும். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்வோர் பலர். ஆதலின் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருதல் இப்பகுதி மக்களின் வாழ்வோடு ஒன்றிய செயலாயிற்று. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை, வண்டிகளைப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றியே வாவியைக் கடந்தனர்.

இத்தகைய நிலத்திற்கு ஏற்ற ஊர்தி ஜீப்பும் லாண்ட் றோவருமே. வில்லிஸ் ஜீப் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941ஆம் ஆண்டிற் பிறந்தது. லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதல் உலகின் பார்வைக்கு வைக்கப்பட்டது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் இவ்வண்டிகள் சேற்றையும் மணலையும் பொருட்படுத்துவதில்லை. அதனாலேயே பல பதின்மங்கள் கடந்த பின்னரும் அவற்றைப் பேணி ஓட்டுவோர் நம் நாட்டில் உளர்.

பழைய வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் உரிமையாளர் உடனே மெக்கானிக்கை அழைக்கின்றார். நிற்காமல் ஓடினாலோ, அதாவது பிறேக் மிதி பஞ்சுபோல மெத்தெனப் பணிந்தாலோ, அதனைப் பழக்கத்தினாற் சமாளிக்க முற்படுகின்றார். “இரண்டுதரம் மிதித்தாற் பிடிக்கும்” என்று வண்டியை இரவல் கேட்பவருக்குச் சொல்லியும் அனுப்புகின்றார். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் கடந்துவிடுகின்றது. இரண்டாந்தரம் மிதிப்பதற்குள் ஒரு வினாடி கழியுமாயின், அந்தப் 11 மீற்றருக்குள் பள்ளிவிட்டு வரும் பிள்ளையொன்று சைக்கிளைத் திருப்பக்கூடும். குளக்கட்டு வீதியில் அத்தூரம் நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட தூரமாகவும் அமையலாம்.

மிதி ஏன் மென்மையுறுகின்றது? இதற்கு விடை காண 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பஸ்காலை நாடல்வேண்டும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவர் கண்ட விதி. 1921ஆம் ஆண்டில் டூசன்பேர்க் என்னும் அமெரிக்க வண்டி, நான்கு சக்கரங்களிலும் இவ்விதிப்படி இயங்கும் பிறேக்கைக் கொண்டு வெளிவந்தது. காலால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள உந்தி நீர்மத்தைத் தள்ளுகின்றது. அது குழாய்களின் வழியே சக்கரங்களுக்குச் சென்று, பிறேக் சூக்களை விரித்து டிரம்மோடு அழுத்துகின்றது.

நீர்மம் எளிதில் ஒடுங்காது. காற்றோ எளிதில் ஒடுங்கும். வளிமண்டலத்தைப்போல் இருபது மடங்கு அழுத்தத்தை நீர்மீது செலுத்தினால், அதன் கனவளவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே குறையும். அதே அழுத்தத்திற் காற்று தன் முந்திய கனவளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே குழாயினுள் ஒரு குமிழி காற்றுப் புகுந்தாலும், காலின் வலிமை சக்கரத்தைச் சேராமல் அக்குமிழியை நசுக்குவதிலேயே செலவாகின்றது.

ஆயினும் மிதி தாழ்வதெல்லாம் காற்றினால் அன்று. நோயறியாமல் மருந்து கொடுத்தல் தகாது. மிதி வெகுதூரம் இறங்கி, பின்னர் கல்லைப்போல் உறுதியாக நின்றால், சூக்கள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகிவிட்டன என்பது பொருள். அவற்றைச் செப்பஞ்செய்தலே போதும். மிதித்துப் பிடித்தபோது சிறிது சிறிதாகக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் வாஷர் தேய்ந்திருத்தல் கூடும். அன்றேல் எங்கோ ஒழுக்கு உண்டு. வில்லைப்போல் துள்ளி, பலதரம் மிதிக்க உயர்ந்து, அப்போதும் துள்ளல் மாறாதிருந்தாற் காற்றே காரணம் என்று ஐயுறலாம். காற்றை நீக்கிய பின்னரும் அத்துள்ளல் நின்றால், பழைய இறப்பர்க் குழாய்கள் மிதிக்கும்போது ஊதுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

வாவிக்கரைக்கென ஒரு தனி இடரும் உண்டு. பிறேக் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ‘டொட் 3’ என்னும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்கும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின், அந்த எல்லை 140 பாகையாகத் தாழ்ந்துவிடுகின்றது. சுமையேற்றிய வண்டியைப் பன்முறை நிறுத்தும்போது பிறேக் சூடேறி, அந்நீர் ஆவியாகின்றது. ஆவியும் காற்றைப்போலவே ஒடுங்குவதால், காலையில் உறுதியாயிருந்த மிதி மாலையிற் பணிந்துவிடுகின்றது. வில்லிஸ் ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் தளப்பலகையின் கீழே இருப்பதால், வெள்ளத்திற் செல்லும்போது அது நனையவும் நேர்கின்றது. உவர்நீரோ இரும்புக் குழாய்களைத் துருவேற்றி அரிக்கின்றது. ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நீர்மத்தை மாற்றுதலும், மாரிக்குப் பின் குழாய்களைச் சோதித்தலும் இன்றியமையாதன.

காற்றெடுத்தல் இருவர் செய்யும் வேலை. ஒருவர் மிதியருகே இருத்தல் வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே இருத்தல் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குதல் முறை. அங்குள்ள நிப்பிளில் ஓர் இறப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புது நீர்மம் உள்ள கண்ணாடிப் போத்தலுள் அமிழ்த்தி வைப்பர். மிதி மெல்ல அழுத்தப்படும்போது நிப்பிளைத் திறந்தால், நீர்மத்தோடு குமிழிகள் வெளியேறும். மிதி அடியைத் தொட்டதும் முதலில் நிப்பிளை மூடி, அதன் பின்னரே காலை எடுத்தல் வேண்டும். முறை மாறினால் வெளியேறிய காற்று மீண்டும் உட்புகும். குமிழி வருதல் நிற்கும்வரை இவ்வாறு செய்து, அடுத்த சக்கரத்திற்குச் செல்லலாம். இதற்கிடையில் மேலுள்ள நீர்மக் கிண்ணம் வற்றிவிடலாகாது. வற்றினாற் செய்த வேலை முழுதும் வீணாகும். போத்தலில் வடிந்த நீர்மத்தை மறுபடி ஊற்றுதலும் ஆகாது.

இந்நீர்மத்தை நம்மவர் ‘பிறேக் ஒயில்’ என்று வழங்குகின்றனர். அது பொருந்தாப் பெயர்; அப்பெயரே சிலரை மயக்குகின்றது. அவசரத்திற்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினாலோ, உறுப்புகளை மண்ணெண்ணெயாற் கழுவினாலோ இறப்பர் வாஷர்கள் ஊதி உருக்குலைந்துவிடும். பின்னர் அவை யாவற்றையும் மாற்ற நேரும். உறுப்புகளைப் புதிய பிறேக் நீர்மத்தாற் கழுவுதலே நன்று.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இவ்வண்டிகளின் கைப்பிறேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டையே பிடிக்கின்றது. ஆதலின் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தியவுடன், கைப்பிறேக் இழுத்திருந்தும் வண்டி உருளக்கூடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையாமல் எவரும் வண்டியின் கீழே புகலாகாது.

வேலை முடிந்தபின் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது தாழாமை கண்டு, ஆளில்லாச் சமநிலத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தல் முறை. இப்பழைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு நீர்மச் சுற்று ஒன்றே. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பை இழக்கும். புதிய வண்டிகளில் ஒரு சுற்றுப் பழுதுற்றால் உதவ மற்றொன்று உண்டு. பழைய வண்டிக்கு அத்தகைய துணை இல்லை. உரிமையாளரின் விழிப்பே அதன் துணை.

பாதையேறி வாவி கடந்த காலத்தில் வண்டிகள் துறையிற் காத்து நின்று, ஆறுதலாகவே சென்றன. இன்று பாலமும் செப்பனிட்ட வீதியும் வந்துள்ளமையால் அதே வண்டி விரைந்து செல்கின்றது. வீதி புதிதாயினும் பிறேக் பழையதே என்பதை மறத்தலாகாது. மிதி ஒருமுறை மெத்தெனப் பணிந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கை அழைத்தல் வேண்டும். இரண்டாந்தரம் மிதித்துப் பார்த்து ஆறுதலடைதல் பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.