அரைப்பேர் விழுந்த மறுநாள்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் வெற்றியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நாங்கள் தோற்றதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நாங்கள்" என்றால், இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே ஆண்டில் பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போன இருவர். பேசுவது ஒருத்தி, கதை இருவருடையது.

க.பொ.த. உயர்தரத்தில் முதல் தடவை எங்களுக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவைதான் கிடைத்தது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இருந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் போனது நுவரெலியா மாவட்டத்துக்குரிய இடங்களில். பீடத்தில் சிலர் விளையாட்டாக "கோட்டாவில் வந்தவர்கள்" என்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஐந்து வருடப் படிப்பு முடிந்தது. ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடிந்தது. பிறகு விசேட வைத்திய நிபுணராக வேண்டும் என்ற ஆசை வந்தது. இந்நாட்டில் அதற்கான வாசல், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். அங்கே தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு மாவட்டக் கணக்குக் கிடையாது. யாழ்ப்பாணமும் கொழும்பும் வலப்பனையும் ஒரே வரிசைதான். "இதில் தேறிவிட்டால் இனி யாரும் எங்களைக் கோட்டா என்று சொல்ல முடியாது" என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தோம். அந்தக் கணக்குத்தான் பிழை என்பது பிறகுதான் விளங்கியது.

பெறுபேறு வந்தது. பட்டியலில் எங்கள் இருவர் சுட்டெண்களும் இல்லை.

அப்போது நாங்கள் வேறு வேறு வைத்தியசாலைகளில் இருந்தோம். நான்கு நாட்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுக்கவில்லை. இருவருக்கும் ஒரே நினைப்பு: "அவர்கள் சொன்னது சரிதானோ? நாங்கள் உண்மையில் அந்த இடத்துக்கு உரியவர்கள் இல்லையோ?" ஒரு தாளில் வந்த பெறுபேற்றை, நாங்கள் பிறந்த லயத்துக்கும் படித்த பாடசாலைக்கும் எழுதிய தீர்ப்பாக வாசித்துவிட்டோம்.

எங்களில் ஒருத்தி லீவு போட்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா கேட்டார்:

"வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்லம்மா."

"சம்பளம் கொறஞ்சிருமா?"

"இல்ல."

"அப்ப ஏன் சாப்பிடாமக் கெடக்குற? எனக்கு எத்தன நாளு அரைப்பேரு போட்டிருக்காங்க! மறுநாளு மலைக்குப் போகாம இருந்தனா?"

வெளிநாடுகளில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அரைப்பேர் என்றால் தெரியாமலிருக்கலாம். அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். செக்ரோலில் அப்படித்தான் பதிவு விழும். அரைப்பேர் விழுந்த அம்மா தன்னை அரை மனுஷி என்று நினைத்ததில்லை. நிறை ஏன் குறைந்தது என்றுதான் யோசிப்பார். மழையா, கொழுந்து இல்லாத மலையா, கை ஓடவில்லையா? மழைக்கு அவர் பொறுப்பில்லை. கை ஓடாததற்கு மறுநாள் வழி பார்ப்பார்.

அன்று இரவு நாங்கள் இருவரும் பேசினோம். அம்மா செய்ததையே நாங்களும் செய்தோம். பிழைத்த வினாக்களை நினைவிலிருந்து எழுதி மூன்றாகப் பிரித்தோம். முதலாவது, பாடமே தெரியாதவை. நாங்கள் பயந்த அளவுக்கு அவை இல்லை. இரண்டாவது, நேரம் போதாமல் விட்டவை. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு, பீடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்றவர்கள் நாங்கள். ஒரு வினாவை இரண்டு தடவை வாசித்தால்தான் மனம் நம்பும். மூன்றாவது, ஊகித்து எழுதியவை. ஒரு வினாவில் ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை. பிழையாகச் சொன்னால் புள்ளி குறையும். தெரியாததைத் தெரியாது என்று விட எங்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குப் புள்ளிகளைக் கொடுத்திருந்தோம்.

மொழியால் போன நேரம் மழையைப் போல. அதற்காக எங்களைத் திட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் குடை பிடிக்கலாம். காலை வார்ட்டுக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம், கடிகாரத்தை முன்னால் வைத்துப் பழைய வினாக்கள் செய்தோம். ஒளித்துப் படிப்பதை விட்டோம். காலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த சக வைத்தியர்களோடு சேர்ந்து படித்தபோதுதான், அவர்களிலும் பலர் முதல் தடவை தேறாதவர்கள் என்று அறிந்தோம். அவர்கள் யாரும் அதைத் தங்கள் ஊரின் குற்றமாக நினைக்கவில்லை.

எங்களில் ஒருத்தி மூன்றாம் தடவை தேறினாள். மற்றவள் மூன்றாம் தடவையும் தேறவில்லை. அவள் அந்த வாசலை விட்டு, அதே நிறுவகத்தில் குடும்ப மருத்துவ டிப்ளோமா படித்து, இன்று குடும்ப வைத்தியராக இருக்கிறாள். இரண்டும் மீண்டு வந்ததுதான். யார் எவள் என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்டு வெட்கப்படுத்தாதீர்கள், எங்களுக்கு இப்போது வெட்கமும் இல்லை.

தங்கைமாரே, சீனி கூடிய நோயாளியின் இரத்த அறிக்கையைப் பார்த்து, "நீங்கள் எதற்கும் உதவாதவர்" என்று நாங்கள் சொல்வதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், மருந்து எடுத்தீர்களா என்று கேட்கிறோம். உங்கள் பெறுபேற்றையும் அப்படி வாசியுங்கள். வந்த அன்றே எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒருவருக்காவது சொல்லுங்கள். நாங்கள் பேசாமலிருந்த அந்த நான்கு நாட்கள்தான் ஆபத்தான நாட்கள் என்று வைத்தியர்களாக இன்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரில் பல்கலைக்கழகம் போனவர்களின் பெயர்கள் வரும். எத்தனையாவது தடவையில் என்பதையும் பக்கத்தில் போடுவோம். எங்கள் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். அதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை மறுநாள் புத்தகத்தைத் திறந்தால், இந்த நூறு வருடத்துக்கு அதுவே நல்ல மரியாதை.