வெந்நீர் எழுதிய கல்வெட்டுகள்: நம் நாட்டுத் தாதுப் படிவுகளை வகையறிதல்



ஈயம் என்றதும் நம்முள் பலருக்கு நினைவில் எழுவன கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகள். ஆற்று வண்டலில் கலந்து கிடந்த வெள்ளீயக் கனிமத்தை அரித்தெடுத்த இடங்கள் அவை. ஆயினும் அக்கனிமம் வண்டலில் பிறந்ததன்று. மலைப்பாறைகள் சிதைந்தபோது மழைநீர் அதனைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. அப்படியானால் மலைக்குள் அதனைச் சேர்த்தது எது? அதுவும் நீர்தான். நிலத்துக்கடியில், பாறைப் பிளவுகளினூடே ஓடிய வெந்நீர் அது. அவ்வெந்நீர் விட்டுச் சென்றவற்றை நிலவியலார் நீர்வெப்பத் தாதுப் படிவுகள் என்பர்.

இப்படிவுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. வகையை எப்படி அறிவது, அறிவதால் நமக்கு என்ன பயன் என்னும் இரண்டு வினாக்களுக்கு இவ்வுரையில் விடை காண முயல்கிறேன்.

கரைதலும் படிதலும்

தூய நீர் பொன்னையோ செம்பையோ எளிதில் கரைப்பதில்லை. நிலத்தடி வெந்நீரோ தூய நீரன்று. அதில் உள்ள குளோரைடு வெள்ளீயத்தையும் செம்பையும் பற்றிக்கொண்டு செல்லும். கந்தகம் பொன்னைப் பற்றிக்கொண்டு செல்லும். பற்றிய துணை விலகும் இடத்தில் உலோகம் இறங்கிவிடும்.

அவ்வாறு இறங்குவதற்குக் காரணங்கள் பல. சூடான சர்க்கரைப் பாகு ஆறும்போது கற்கண்டு விளைவதுபோல, நீர் குளிர்ந்தால் கனிமம் படியும். சுண்ணாம்புச் சத்து மிக்க கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால், கரிவளி வெளியேறிக் கெண்டியின் உட்புறத்தில் வெண்ணிறப் படிவு ஒட்டும். ஆழத்து நீர் மேலேறிக் கொதிக்கும்போதும் இதுவே நிகழும். இரும்பு மிகுந்த பாறையை நீர் சந்தித்தால், இரும்பு கந்தகத்தைக் கவர்ந்து பைரைட்டு ஆகிவிடும். துணையிழந்த பொன் அங்கேயே தங்கிவிடும்.

1913இல் வால்டெமார் லிண்ட்கிரென் என்னும் அறிஞர் இப்படிவுகளை வெப்பத்தையும் ஆழத்தையும் கொண்டு மேல்நிலை, இடைநிலை, அடிநிலை என மூன்றாகப் பகுத்தார். இன்றைய நிலவியல் இன்னும் விரிவாகக் கேட்கிறது. மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க நான்கு வினாக்களாக அதனைச் சுருக்கலாம்: நீர் எங்கிருந்து வந்தது? எது உலோகத்தைச் சுமந்தது? எவ்வழியே சென்றது? எங்கே, ஏன் இறக்கியது? இவற்றுக்கான விடைகள் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

சுங்கை லெம்பிங்: கருங்கல்லை அடுத்த நாளங்கள்

பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் 1906 முதல் 1986 வரை பெருஞ்சுரங்கம் ஒன்று இயங்கியது. கிரானைட்டு எனப்படும் கருங்கல், குழம்பு நிலையிலிருந்து ஆறி இறுகும்போது கடைசியாக எஞ்சிய உப்புநீர் வெள்ளீயத்தைத் தாங்கி வெளியேறியது. அருகிலிருந்த பழைய படிவுப் பாறைகளின் செங்குத்தான பிளவுகளில் ஏறியது. குளிர்ந்தபோது காசிட்டரைட்டு என்னும் வெள்ளீயக் கனிமத்தைப் படிகக்கல்லோடு சேர்த்துப் படியவைத்தது. இவ்வாறு அமைந்தவற்றைத் தாது நாளங்கள் என்கிறோம். நாளங்கள் ஒடுக்கமானவை, ஆனால் நெடுந்தூரம் செல்பவை. ஆகவே அங்கு மனிதரும் நாளத்தைப் பின்தொடர்ந்து குடைந்தனர். அச்சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். படிவின் வடிவமே சுரங்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

ரவூப்: மலை பிறந்தபோது பிழியப்பட்ட நீர்

ரவூப்பின் பொன்னும் நாளங்களில்தான் கிடைத்தது. எனினும் அதன் வரலாறு வேறு. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், தீபகற்பத்தின் மேற்கு நிலப்பகுதியும் கிழக்கு நிலப்பகுதியும் தமக்கிடையே இருந்த பழங்கடல் மூடியதால் மோதி இணைந்தன. அந்தத் தையலே பெந்தோங்–ரவூப் கோடு. மோதலில் அழுத்தமும் வெப்பமும் பெற்ற பாறைகள், ஈரத்துணியைப் பிழிந்ததுபோலத் தம்முள் இருந்த நீரை வெளியிட்டன. இவ்வகை நீரில் உப்புக் குறைவு, கரிவளி மிகுதி, பொன்னைச் சுமந்தது கந்தகம். பாறை நகர்ந்து பிளவு திறக்கும்போதெல்லாம் அழுத்தம் திடீரெனக் குறைய, பொன்னும் படிகக்கல்லும் படிந்தன. மீண்டும் மூடி, மீண்டும் திறந்ததற்குச் சான்றாக, இத்தகைய நாளங்களில் வெண்ணிறப் படிகக்கல்லும் கரிய பாறைத் துணுக்கும் மாறிமாறி வரியிட்டிருப்பதைக் காணலாம். கோலார் தங்கவயலின் பொன்னும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அப்பாறைகள் பன்மடங்கு பழைமையானவை.

தாசேக் சினி: கடலடியில் பீறிட்ட வெந்நீர்

தாசேக் சினி வட்டாரத்தில் மற்றொரு வகை உண்டு. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அவ்விடம் எரிமலைகள் நிறைந்த கடல். கடல்நீரே பிளவுகளில் இறங்கிச் சூடேறி, உலோகத்தைக் கரைத்துக்கொண்டு கடற்படுகையில் பீறிட்டது; குளிர்ந்த நீரைத் தொட்டவுடன் சுமையை இறக்கியது. ஆதலின் இத்தாது பாறையைக் குறுக்கே வெட்டாமல், பெரும்பாலும் பாறை அடுக்குக்கு இணையாகவே படுத்திருக்கும். இந்நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. 1979இல் ஆய்வாளர்கள் ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் கிழக்குப் பசிபிக்கின் அடித்தளத்துக்குச் சென்று, ஏறத்தாழ 350 பாகை வெப்பமுள்ள நீர் கரும்புகைபோல் எழுவதைக் கண்டனர்.

மாமுட்: கண்ணுக்குப் புலப்படாத வலை

சபாவில் கினபாலு மலையின் தென்கிழக்குச் சரிவில் அமைந்தது மாமுட் செம்புச் சுரங்கம். இது போர்பிரி வகைப் படிவு. பாறைக்குழம்பு நிலமட்டத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் ஏறி இறுகியபோது, அதிலிருந்து பிரிந்த நீரும் ஆவியும் தம் அழுத்தத்தால் சுற்றுப்பாறையை நொறுக்கின. விளைந்தவை மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நாளங்கள். நூறு கிலோ பாறையில் ஒரு கிலோ செம்புகூட இராது. ஆனால் தாதுப்பாறையோ மலையளவு.

இவ்வகையின் சிறப்பு அதன் நிறமாற்ற வளையங்கள். நடுவில் கருநிற மைக்காவும் பொட்டாசியம் மிக்க களக்கல்லும். அதைச் சூழ்ந்து வெண்மைக்காவும் பைரைட்டும். வெளியே பச்சைநிறக் குளோரைட்டும் எபிடோட்டும். வளையங்கள் தாதுவைவிட அகன்றவை. பச்சையிலிருந்து வெண்மைக்கும் வெண்மையிலிருந்து நடுவுக்கும் நடந்து சென்றே நிலவியலார் தாதுவை அடைவர்.

உலோகம் எங்கும் தூவியதுபோல் பரவியிருந்ததால், மாமுட்டில் நாளத்தைத் தொடர்ந்து குடைவது பயனற்றது. 1975 முதல் 1999 வரை மலைச்சரிவையே அகழ்ந்தெடுத்தனர். எஞ்சியது ஒரு பெருங்குழி. வளையத்தில் மிகுந்திருந்த பைரைட்டு மழைநீரையும் உயிர்வளியையும் சந்தித்தது; கந்தக அமிலம் உண்டாயிற்று. அவ்வமிலம் பாறையிலுள்ள செம்பு முதலிய உலோகங்களைக் கரைக்கிறது. சுரங்கம் மூடி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வேதிவினை ஓய்ந்தபாடில்லை.

வகையறிதலின் பயன்

இங்கேதான் நம் இரண்டாம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. பைரைட்டு மிகுந்த போர்பிரி வகை அமிலத்தைத் தரும். ரவூப் வகையில் கரிவளியால் உண்டான கார்பனேட்டுக் கனிமங்கள் அமிலத்தை ஓரளவு தணிக்கும். ஆனால் பொன்னோடு சேர்ந்து வரும் ஆர்செனிக்கு நீரில் கலக்கக்கூடும். சரவாக்கின் பாவ் வட்டாரத்திலும் பொன் நுண்துகளாய் ஆர்செனிக்குக் கனிமங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. பொன்னைப் பிரிக்கும்போது ஆர்செனிக்கும் வெளிப்படும். எது எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லும் அதே அடையாளங்கள், எடுத்தபின் எது எஞ்சும் என்பதையும் முன்கூட்டியே சொல்கின்றன. முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தால், மறுபாதியை ஆற்றோரத்து மக்கள் படிக்க நேரிடும்.

ஆசிரியப் பெருமக்களே, சுங்கை லெம்பிங்கில் இன்று அருங்காட்சியகம் உண்டு. சுரங்கப் பாதையின் ஒரு பகுதிக்குள் நடந்தும் பார்க்கலாம். மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். சுவரிலுள்ள வெண்ணிற நாளத்தில் கைவைத்து, நான் சொன்ன நான்கு வினாக்களையும் தமிழிலேயே கேட்கச் செய்யுங்கள். நாளம், படிவு, தாது, பிளவு ஆகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றோடு ஐந்தாவது வினா ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: இதனை எடுத்தபின் இங்கே ஓடும் நீர் என்னவாகும்?