விண்ணிலிருந்து நம் நிலத்தைக் காண்போம்



செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை மாகாண அரசு நம் முன்னோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். அதில் பெரும்பகுதி கைமாறிப் போனதை நீங்கள் அறிவீர்கள். அதை மீட்கச் செல்கையில், "அங்கே என்றுமே பயிரில்லை, வெறுந்தரிசு" என்று எதிர்த்தரப்பார் சொன்னால் நாம் என்ன விடை கூறுவது? வாய்ச்சொல்லுக்கு மன்றத்தில் மதிப்புக் குறைவு. ஆனால் விண்ணில் ஒரு சாட்சி உண்டு.

1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் புவியைப் பதிவு செய்து வருகின்றன. அப்பதிவுகள் 2008 முதல் எல்லார்க்கும் இலவசம். 2015இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-2இன் பதிவுகளும் அவ்வாறே. இவற்றைத் திறந்து காண, கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது.

இளைஞர்களே! அக்கோப்பு புகைப்படமன்று, எண்களின் அடுக்கு. நிலத்தின் ஒவ்வொரு கட்டமும் திருப்பியனுப்பிய ஒளியின் அளவே அவ்வெண். பச்சை, சிவப்பு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு என ஒவ்வோர் ஒளிக்கும் தனித்தனி அடுக்கு உண்டு. சாதாரணப் படம்போல் திறந்தால் இருண்டு தோன்றலாம், கலங்க வேண்டா. கியூஜிஐஎஸ்ஸில் மூன்றையும் இணைத்து, அகச்சிவப்புக்குச் செந்நிறமும், சிவப்புக்குப் பச்சையும், பச்சைக்கு நீலமும் கொடுங்கள். பசும்பயிர் செக்கச் சிவந்து நிற்கும்; நீர் கறுத்துத் தோன்றும். பல மாதப் படங்களை அடுத்தடுத்து நோக்கினால், எந்த ஆண்டில் பயிர் நின்றது, எப்போது கட்டடம் எழுந்தது என்பது விளங்கும்.

எனினும் இதன் எல்லையையும் அறிய வேண்டும். சென்டினலின் கூர்மையான படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கட்டங்கள். லேண்ட்சாட்டின் 30 மீட்டர்ப் படத்தில் நான்கைந்தே. 1970களின் படங்கள் இன்னும் மங்கல். ஆகவே வரப்புத் தகராற்றை இது தீர்க்காது. நிலம் எவ்வாறிருந்தது என்று சொல்லுமேயன்றி, எவருடையது என்று சொல்லாது. அதைச் சொல்வது பதிவேடு. புல எண்ணும் அ-பதிவேட்டு நகலும் ஒரு கையில், இப்படம் மறுகையில் இருத்தல் வேண்டும்.

எழுதியது இன்னதென்று அறியாமல் கைநாட்டு வைத்து நிலம் இழந்தோர் நம் முன்னோரில் பலர். கோப்பைத் திறக்க அறியாமை நமக்கு மற்றுமொரு கைநாட்டு ஆகிவிடலாகாது. ஊருக்கு இருவரேனும் இதனைக் கற்க முன்வாருங்கள். வளர்க நம் கல்விக் கழகம்!